மடக்குக் கத்தியின் பிடி

மடக்குக் கத்தி ஒன்றை விலைக்கு வாங்குகிறவர் முதலில் பார்ப்பது அதன் அலகைத்தான். இரும்பு எந்தத் தேசத்தது, கூர் எத்தனை நாள் நிற்கும், நம் கடற்காற்றுக்குத் துருப்பிடிக்காமல் இருக்குமா, திறந்து மடக்கும்போது வில் இறுக்கமாக நிற்கிறதா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, பிடியைப் பற்றி மட்டும், அது பார்வைக்கு லட்சணமாக இருக்கிறது என்பதற்குமேல் ஒன்றும் கேளாமல் காசைக் கொடுத்துவிட்டுப் போகிறார். ஆனால் அந்தக் கத்தி சட்டைப்பையில் நிரந்தரமாகக் குடியேறுமா, அல்லது மேஜை இழுப்பறையில் பழைய சாவிகளோடு சேர்ந்து மறக்கப்படுமா என்பதைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது பிடிதான். அலகு, நறுக்கப்படும் பொருளோடு சில க்ஷணங்கள் சம்பந்தப்படுகிறது. பிடியோ நறுக்குகிற வேளையில் மட்டுமல்ல, யோசனையில் ஆழ்ந்து பைக்குள் கையைவிட்டு உருட்டிக்கொண்டிருக்கும் வேளையிலும் நம் கையோடு உறவாடுகிறது. ஆகையால் மரம், கொம்பு, பித்தளை, அலுமினியம், பிளாஸ்டிக் என்று காலந்தோறும் பிடிக்கு உபயோகமாகி வந்த வஸ்துக்கள் கைக்கு எவ்வித அனுபவத்தைத் தருகின்றன, அதற்குக் காரணம் என்ன என்று சற்று விஸ்தாரமாகப் பரிசீலிப்பது வீண்வேலை ஆகாது.

இந்த விஷயத்தைப் பற்றி மேல்நாட்டார் நிறையவே எழுதியிருக்கிறார்கள். அவற்றைப் படிக்கும்போது, எழுதியவர்கள் குளிர்ந்த, உலர்ந்த கையை உடையவர்கள் என்பது உடனே தெரிந்துவிடுகிறது. உலோகப் பிடி பனிக்காலத்தில் விரலை வாட்டுகிறது என்பதே அவர்களுடைய பிரதானக் கவலை. மயிலாப்பூரில் வசிக்கிற ஒருவனுக்கு அந்தக் கவலை இல்லை. சித்திரை வைகாசியில் கத்திரி வெயிலும், ஐப்பசி கார்த்திகையில் அடைமழையும், மற்ற மாதங்களில் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றுமாக, அவன் உள்ளங்கை முழுக்க உலர்ந்திருப்பது மார்கழி, தை மாதத்துக் காலை வேளைகளில்தான். வியர்த்த கையில் ஒரு வஸ்து எப்படி நடந்துகொள்கிறது என்பதே நமக்கு முதற்கேள்வியாக இருக்க வேண்டும் என்பதும், அப்படிக் கேட்டால் பிடிவகைகளின் தரவரிசை மேல்நாட்டார் வகுத்ததினின்றும் வெகுவாக மாறிவிடும் என்பதும் நான் இங்கே நிலைநாட்ட விரும்பும் கருத்து.

மடக்குக் கத்தியே வெள்ளைக்காரன் கொண்டுவந்த சாமான் என்ற அபிப்பிராயம் பலருக்கு இருக்கிறது. பேனாக்கத்தி என்ற பெயர் அவனோடு வந்தது உண்மைதான்; ஆனால் வேலை செய்யும் அலகைப் பிடிக்குள் மடக்கி இடுப்பில் செருகிக்கொள்ளும் ஏற்பாடு நம்மவருக்குப் பழக்கமாகவே இருந்தது. மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் (1855–1942) 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதிவந்த சுயசரிதையில், தம் இளமைக் காலத்து எழுத்தாணி வகைகளை வர்ணிக்கிறார்: கொண்டை பருத்த குண்டெழுத்தாணி, கொண்டையிருக்க வேண்டிய இடத்தில் ஓலை வாருவதற்குச் சிறு கத்தி அமைந்த வாரெழுத்தாணி, மடக்கி உறையில் போட்டுக்கொள்ளும் மடக்கெழுத்தாணி. நூதனசாலைகளிலும் சில பழைய குடும்பங்களிலும் இன்று எஞ்சியிருக்கும் மடக்கெழுத்தாணிகளைப் பார்த்தால், ஒரே பிடிக்குள் ஒருபுறம் எழுதும் ஊசியும் மறுபுறம் ஓலையைச் சீவி நறுக்கும் கத்தியும் அடங்கிக் கிடப்பதைக் காணலாம். பிடி பித்தளையாலோ மரத்தாலோ கொம்பாலோ ஆனது. செல்வர்கள் தந்தத்தாலும் செய்துகொண்டார்கள். சட்டைப்பை என்ற ஒன்று நம் தேசத்துக்கு வருமுன்பே இருந்த நம் சட்டைப்பைக் கத்தி இது.

அதில் பிடி எத்தனை முக்கியம் என்பதை ஓலையில் எழுதுகிற முறையைக் கவனித்தால்தான் உணர முடியும். எழுதுகிறவர் ஓலையை இடக்கையில் பிடித்துக்கொண்டு, அந்தக் கையின் கட்டைவிரல் நகத்தை வளர்த்து, அதில் பிறை வடிவமாக ஒரு பள்ளம் வெட்டி, அப்பள்ளத்தில் எழுத்தாணியின் நுனியைத் தாங்க வைத்து எழுதுவார். வலக்கை பிடியைத் தள்ளத் தள்ள, ஓலை இடக்கையால் நகர்த்தப்பட்டுக்கொண்டே போகும். மேசை கிடையாது, கையைச் சாய்த்துக்கொள்ள இடம் கிடையாது, அந்தரத்தில் நடக்கிற காரியம். ஓலையின் நரம்பு எங்கே கடினமாக இருக்கிறது, எங்கே சற்று அழுத்தினால் கிழிந்துவிடும் என்ற செய்தி முழுவதும் பிடி வழியாகவே விரலுக்கு வந்தாக வேண்டும். பிடி வழுக்கினால் எழுத்துப் பிழைபடும். பிடி அளவுக்குமேல் கனத்தால் பத்து ஓலைக்குள் மணிக்கட்டு சோர்ந்துபோகும். எழுதி முடித்தபின் மஞ்சளும் இலைச்சாறும் கரியும் கலந்து ஓலைக்கு மையாடுகிற வழக்கம் இருந்தபடியால், கையிலுள்ள பிசுக்கும் கறையும் பிடியில் ஏறாமல் இராது. இவ்வளவையும் தாங்கிக்கொண்டு நாள் முழுதும் உழைத்த பிடிகள் அவை. 1943-இல் நிறுவப்பட்டு இப்போது பெசன்ட் நகரில் இருக்கும் சாமிநாதையர் நூல் நிலையத்திலும், 1886-இல் தோன்றிய அடையாறு நூலகத்திலும் நாம் போற்றிப் பாதுகாக்கிற சுவடிகளின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் இத்தகைய ஒரு பிடியும் அதைப் பற்றிய ஒரு கையும் இருந்திருக்கின்றன. தாத்தா காலத்து மடக்கெழுத்தாணி வீட்டில் இருந்தால் அதைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். ஒரு பண்டிதருடைய விரல்கள் எங்கே அமர்ந்தன என்பதற்கு அந்தப் பிடியின் தேய்மானமும் கறையுமே சாட்சி.

மரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். எல்லா மரமும் பிடிக்கு உதவாது. லேசான மரம் பிசுக்கை உறிஞ்சி அழுக்கேறும். ரிவிட் அடித்த இடத்தில் பிளக்கும். நம் பக்கத்துத் தோதகத்தியும், தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடக்கூடிய ஈழத்துக் கருங்காலியும், நெருக்கமான நார்க்கட்டும் இயற்கையான எண்ணெய்ப் பசையும் உடையவையாதலால் உத்தமமானவை. மரத்தின் விசேஷம் என்னவென்றால், அதன் மேற்பரப்பிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் வியர்வையைச் சிறிதளவு உள்வாங்கிக்கொள்கின்றன. தோலுக்கும் பிடிக்கும் நடுவே நீர்ப்படலம் தங்குவதில்லை. ஆகவே வியர்த்த கையிலும் அது நழுவுவதில்லை. ஆனால் இந்த நற்குணம் அனைத்தையும் ஒரு பூச்சு வார்னிஷ் அழித்துவிடும். கடையில் கண்ணாடிபோல் மின்னுகிற தோதகத்திப் பிடியைக் கையில் எடுப்பவர் உண்மையில் மரத்தைத் தொடுவதில்லை, வார்னிஷைத் தொடுகிறார். அது நடந்துகொள்வதும் பிளாஸ்டிக்கைப் போலத்தான். மெல்லிய உப்புத்தாள் கொண்டு அந்தப் பூச்சை எடுத்துவிட்டு, தச்சர்கள் லின்சீட் என்று சொல்லும் ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிசாகத் தடவி உலரவிட்டால், அதே கத்தி வேறு கத்தியாகிவிடும். நம் வீடுகளில் கைக்குக் கிடைக்கிறது என்பதற்காகத் தேங்காயெண்ணெயையோ விளக்கெண்ணெயையோ தடவுவது சரியல்ல. அவை காற்றில் உலர்ந்து கெட்டிப்படுகிற ஜாதி அல்ல, மாதக்கணக்கில் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்த்துக்கொண்டிருக்கும்.

மரத்துக்குள்ள குறையையும் சொல்லிவிட வேண்டும். பிரான்சு தேசத்தில் சவாய் மலைப்பகுதியைச் சேர்ந்த ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890-இல் உருவாக்கிய கத்தி உலகப் பிரசித்தமானது. உருண்டையான பீச் மரப்பிடி, அதன் பிளவுக்குள் மடங்கும் ஓர் அலகு, 1955 முதல் அலகைப் பூட்டுவதற்கு ஓர் உலோக வளையம், அவ்வளவுதான் அதன் அங்கங்கள். அந்தப் பிடியை ஏந்துவதுபோன்ற சௌகரியம் அதைவிடப் பன்மடங்கு விலையுள்ள கத்திகளிலும் கிடைப்பதில்லை. ஆயினும் ஈரம் பட்டால் மரம் ஊதிக்கொண்டு அலகை இறுகப் பற்றிக்கொள்ளும். நகத்தால் இழுத்தால் வராது. அவ்வூர்க்காரர்கள் பிடியின் அடிமுனையைக் கெட்டியான ஓரிடத்தில் தட்டி அலகை வெளியே வரவழைப்பார்கள். நம் ஊரில் வடகிழக்குப் பருவமழையின்போது இந்த உபாயம் தேவைப்படும். இப்போது குளிர்சாதன அறைகள் பெருகிவிட்டபடியால் நேர்மாறான ஆபத்தும் சேர்ந்துகொண்டது: பகல் முழுதும் அலுவலகத்தின் வறண்ட காற்றிலும், மாலையில் மெரினாவின் உப்புக்காற்றிலும் மாறிமாறி இருக்கிற மெல்லிய மரத்தகடு, சுருங்கியும் விரிந்தும் ரிவிட்டைச் சுற்றி வெடிப்பு விடுகிறது. ஆகையால் இரண்டு முனைகளிலும் பித்தளைப் பூண் போட்டு, அடியில் உலோகத் தகடும் வைத்த மரப்பிடியே நம் ஊரில் நெடுங்காலம் நிற்கும்.

கொம்பு, நகமும் மயிரும் எந்தப் பொருளால் ஆனவையோ அதே கெராட்டின் என்னும் பொருளால் ஆனது. அது கையில் பட்டதும் அந்நியமாகத் தோன்றாமலிருப்பதற்கு அதுவே காரணம் போலும். எருமைக் கொம்பு சூட்டில் இளகும், அச்சில் அழுத்தினால் வேண்டிய உருவை ஏற்கும், தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு மெருகு ஏறும். ஈரக்கையில் அது வழுக்குவதற்குப் பதிலாகச் சற்று ஒட்டிக்கொள்கிறது. அதன் விரோதி வறட்சியும் பூச்சியும். பல நாள் பெட்டியில் கிடந்தால் ஏடு ஏடாகப் பிரியும், கம்பளியைத் தின்னும் பூச்சி இனங்கள் இதையும் அரிக்கும். தினமும் கையில் புழங்குகிற கொம்புப் பிடிக்கு இந்த இரண்டு அபாயமும் அநேகமாக வருவதில்லை.

கடமானின் கொம்பு வேறு. அது எலும்பு இனம். உட்சோறு குறைந்து கெட்டியாக இருப்பதாலும், மேலே இயற்கையாகவே ஓடும் கரடுமுரடான வரிகள் விரலுக்கு இடம் கொடுப்பதாலும், இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரத்துக் கத்திக்காரர்கள் இந்தியக் கடமான் கொம்பை விரும்பி வரவழைத்துக்கொண்டார்கள். கிடைக்காதபோது மாட்டெலும்பில் அதே வரிகளைச் செதுக்கிச் சாயமேற்றினார்கள். தந்தத்திலும் முத்துச்சிப்பியிலும் அவர்கள் காட்டிய திறமைக்கு அளவில்லை. 1851-இல் லண்டன் கண்காட்சிக்காக ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனியார் செய்த நார்போக் கத்தி 75 அலகுகளும் கருவிகளும் கொண்டது. அதன் பிடி சித்திரவேலைப்பாடு அமைந்த முத்துச்சிப்பி. அது சௌந்தரியத்தின் சிகரம். ஆனால் மெருகேற்றிய முத்துச்சிப்பியைவிட வியர்த்த கைக்கு ஒவ்வாத வஸ்து வேறொன்றுமில்லை. தந்தம் அதைவிட மேல். அதன் மெல்லிய நார்க்கட்டு ஈரத்தைக் கொஞ்சம் ஏற்கிறது. என்றாலும் ஒரு கத்திப்பிடிக்காக யானை சாகவேண்டியதில்லை. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன்பின் வந்த திருத்தங்களும் தந்த வியாபாரத்துக்கும் மான்கொம்பு ஏற்றுமதிக்கும் முற்றுப்புள்ளி வைத்தது முழுக்க முழுக்க நியாயமே. மான் தானாக உதிர்க்கும் கொம்பைப் பொறுக்கி விற்பதில் என்ன பாவம் என்று வாதிப்பவர்கள், உதிர்ந்ததற்கும் வேட்டையில் வெட்டியதற்கும் சந்தையில் அடையாளம் கண்டுபிடிக்க முடியாது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. மேலும் ஆசாரமான குடும்பங்களில் எலும்புப் பிடி போட்ட கத்திக்குச் சமையலறையில் பிரவேசம் கிடையாது. பழம் நறுக்கினாலும் அது கூடத்தோடு நின்றுவிடும்.

இனிப் பித்தளை. வடக்கே ராம்பூர்க் கத்தியில் பித்தளைப் பிடியும் கொம்புப் பிடியும் பெருவழக்காக இருப்பதற்கு, பித்தளை வேலைக்குப் பேர்போன மொராதாபாத்தும் கொம்பு வேலைக்குப் பேர்போன சம்பலும் அதன் அண்டையூர்களாக இருப்பது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவ வைத்திருந்த ஹிகோனோகாமிக் கத்தியோ, ஒரு பித்தளைத் தகட்டை மடித்துப் பிடியாக்கியதோடு திருப்திப்பட்டது. பித்தளையின் கனம், தண்ணீரைப்போல் சுமார் எட்டரை மடங்கு. கையில் எடுத்தவுடன் இது ஒரு கண்ணியமான பொருள் என்ற உணர்ச்சி தோன்றுவது அந்தக் கனத்தாலேதான். ஆனால் அந்தக் கனத்துக்கு இடம் எங்கே? கால்சட்டை போடுகிறவர் அதைத் தொடைப்பக்கத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம். வேஷ்டி கட்டுகிற மயிலாப்பூர்க்காரருக்கு உள்ளது சட்டையின் மார்புப்பை ஒன்றே. அது பித்தளைக் கத்தியால் தொங்கி, குனியும்போதெல்லாம் கத்தி வெளியே விழப் பார்க்கும். அன்றியும் வியர்வையிலுள்ள உப்பும், நறுக்குகிற எலுமிச்சம்பழத்தின் புளிப்பும் சேர்ந்து பித்தளையில் களிம்பு ஏற்றும். உள்ளங்கையில் ஒரு வாடை தங்கும். சாப்பிடப் போகிறவர் இருமுறை கை அலம்ப வேண்டும். பூணுக்கும் அடித்தகட்டுக்கும் பித்தளை இன்றியமையாதது. முழுப்பிடிக்கு அது ஏற்றதல்ல.

மற்ற உலோகங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். உலோகம் குளிர்ச்சியாகத் தோன்றுவது, அது தோலின் உஷ்ணத்தை விரைவாகக் கடத்திக்கொண்டு போவதால். அலுமினியம் மரத்தைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வேகமாகக் கடத்துகிறது. டைட்டானியக் கலவையோ அலுமினியத்தில் சுமார் இருபதில் ஒரு பங்குதான் கடத்துவதால், அதே உலோகக் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் விரலுக்கு மிதமாகப் படுகிறது. நம் ஊரில் காற்றின் உஷ்ணமே தோலின் உஷ்ணத்துக்கு அருகில் நிற்கிறபடியால், நிழலில் இந்த வேற்றுமைகள் பெரும்பாலும் மறைந்துபோகின்றன. குளிர்சாதன அறையிலும், வெயிலில் நிறுத்திவைத்த வண்டியின் பெட்டியிலிருந்து எடுக்கும்போதும்தான் அவை பிரத்தியட்சமாகின்றன. சுவிட்சர்லாந்தின் கார்ல் எல்ஸனர் 1884-இல் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து, 1891-இல் அந்நாட்டுச் சிப்பாய்களுக்குக் கிடைத்த கத்தி மரப்பிடி கொண்டது. 1961-இல் அது அலுமினியத்துக்கு மாறியபோது, பிடியின்மேல் நெருக்கமான சிறு கட்டங்களைப் பதித்தார்கள். அந்தக் கட்டங்கள் இல்லாவிட்டால் அலுமினியம் ஈரக்கையில் நிற்காது என்பதை அவர்களே ஒப்புக்கொண்டதற்கு அது அடையாளம்.

பிளாஸ்டிக் இனத்தில் மூத்தது 1870-ஐ ஒட்டி அமெரிக்காவில் ஹயட் சகோதரர்கள் தொழிலாக்கிய செல்லுலாயிட். தந்தம் போலவும் கொம்பு போலவும் வேஷமிடும் சாமர்த்தியம் அதற்கு உண்டு. ஆனால் எளிதில் தீப்பிடிக்கும், வயதாக வயதாக அமில ஆவியை வெளியிட்டுத் தன்னுள் மடங்கியிருக்கும் அலகையே துருப்பிடிக்கச் செய்யும். சுவிஸ் அதிகாரிகளின் கத்திக்குப் புகழ் தேடித்தந்த சிவப்புப் பிடி முதலில் அழுத்திய நார்த்தகட்டால் ஆனது. பின்னர் மெருகுள்ள பிளாஸ்டிக்காயிற்று. உள்ளங்கை உலர்ந்திருக்கும்வரை அது இனிமையானது; மாங்காய் நறுக்கிய கையில் சோப்புக்கட்டி போல் நழுவும். இதற்கு மாறாக, பருத்தித் துணியை அடுக்கடுக்காகப் பிசினில் தோய்த்து அழுத்திச் செய்யும் மைக்கார்ட்டா என்ற பொருள், சென்ற நூற்றாண்டின் முதற்பகுதியில் மின்சாரக் கருவிகளின் காப்புக்காகப் பிறந்ததாயினும், பிடிக்கு அற்புதமாகப் பொருந்துகிறது. மெருகிடாமல் விட்டால் துணியின் நார்நுனிகள் மேலே நின்று, ஈரத்தில் பிடிப்பு குறையாமல் கூடவே செய்கிறது. வானொலிப் பெட்டிகளுக்குள் நாம் பார்த்த பச்சைநிறத் தகட்டின் உறவினரான ஜி-10 கண்ணாடி நாராலானது. ஈரம் ஏறாது, பிளக்காது, ஆனால் சொரசொரப்பு மிகுந்தால் சட்டைப்பையின் ஓரத்தை அராவித் தின்றுவிடும். கண்ணாடி நார் கலந்த நைலான் பிடியை வெறும் பிளாஸ்டிக் என்று இகழ்வது வழக்கமாயிருக்கிறது. அதன் லகுவும், மழைக்கும் உப்புக்கும் அசையாத தன்மையும் மார்புப்பைக்காரருக்குப் பெரிய உபகாரம். ரசனைக் குறைவு என்ற ஒரு குற்றத்தைத் தவிர அதன்மேல் சாட்டக் குற்றமில்லை.

இவ்வளவு ஆராய்ச்சியும் செய்யாமலே முடிவுக்கு வந்தவர்களை மயிலாப்பூர்த் தெற்கு மாட வீதியில் பார்க்கலாம். காய்கறிக் கூறுகளுக்கு நடுவே அமர்ந்து வாழைத்தண்டு அரிந்து கொடுக்கிற கத்தியையும், சற்றுத் தள்ளி இளநீர் சீவுகிற அரிவாளையும் கவனித்தால், கைப்பிடியில் சைக்கிள் டியூபை நாடாவாகக் கீறி நெருக்கிச் சுற்றியிருப்பது தென்படும். வாழையின் பிசினும் இளநீரும் வியர்வையும் ஓயாமல் வழிகிற கையில் வேறு எதுவும் நிற்பதில்லை. நாடாவின் நுனி முதல் சுற்றின் அடியில் திணிக்கப்பட்டு, ஒவ்வொரு சுற்றும் முந்தியதன் பாதியை மூடிக்கொண்டு போகும். கட்டைவிரல் அமரும் இடத்தில் மட்டும் ரப்பர் தேய்ந்து வழவழவென்று பள்ளமாயிருக்கும். முழுதும் தேய்ந்தால் பழைய டியூபிலிருந்து இன்னொரு நாடா. பிடி நழுவாமலிருப்பது ஒன்றே லட்சியமானால் இதற்கு மிஞ்சிய தீர்வில்லை.

ஆனால் அது ஒன்றே லட்சியமல்ல. மனித உள்ளங்கையிலும் விரல்களிலுமாக ஒரு கைக்குச் சுமார் 17,000 தொடுவுணர் நுனிகள் இருப்பதாக உடற்கூற்று சாஸ்திரிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றில் ஒருவகை அழுத்தத்தையும், இன்னொருவகை நுண்ணிய அதிர்வையும் அறிவதற்கென்றே ஏற்பட்டவை. பென்சில் சீவும்போது மரத்தின் நார் எதிர்த்திசையில் திரும்புவதையும், மாங்காயில் அலகு கொட்டையின் ஓட்டைத் தொட்டுவிட்டதையும் கண்ணுக்குமுன் கை அறிவது அந்த அதிர்வால்தான். ரப்பர் அதைத் தன்னுள்ளேயே விழுங்கிவிடுகிறது. இளநீர் வெட்டுகிறவருக்கு அது நன்மை, ஏனெனில் அதிர்ச்சி கைக்கு வராது. சிறு வேலை செய்கிற மடக்குக் கத்திக்கோ அது குருட்டுத்தனம். கெட்டியான மரமும் கொம்பும் மைக்கார்ட்டாவும் ஈரத்தில் நழுவாமலும் இருக்கின்றன, அலகின் செய்தியை விரலுக்கு மறைக்காமலும் சொல்கின்றன. இவ்விரண்டும் ஒருங்கே அமைவது மற்றவற்றில் அரிது.

ஆகவே என் தீர்ப்பு இது: நம் கடற்கரை ஊருக்கு, வார்னிஷ் இல்லாத தோதகத்தி, பித்தளைப் பூணோடு, முதலிடம் பெறும், தினமும் கையாளுகிறவருக்கு எருமைக் கொம்பு அதற்குச் சமானம், பராமரிக்க நேரமில்லாதவர் மெருகிடாத மைக்கார்ட்டாவையோ நைலானையோ தயங்காமல் வாங்கலாம், மெருகேற்றிய பிளாஸ்டிக்கும் முழுப் பித்தளையும் அலமாரியில் வைத்துப் பார்க்கத் தக்கவை. இந்தத் தீர்ப்பை நீங்கள் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அடுத்தமுறை கத்தி வாங்கப் போகும்போது, கடைக்காரரிடம் கொஞ்சம் தண்ணீர் கேட்டு உள்ளங்கையை நனைத்துக்கொண்டு, கத்தியை மடக்கியபடியே இறுகப் பிடித்து, மற்றொரு கையால் அதை இழுத்துப் பாருங்கள். நழுவுகிற பிடியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.